குட்டியில்லாத கூடுகள்

போன வாரம் எனக்கு வயிறு சரியில்லை. எதைத் தின்றாலும் நெஞ்சு வரைக்கும் ஏறி வந்து நின்றது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையில் மாத்திரை அட்டையைப் போட்டு, "செபெலும் மாக்கான், கக்" என்று மலாயில் சொல்லி, 'சாப்பாட்டுக்கு முன்' என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தாள். அட்டையைச் சும்மா திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்து வெள்ளைப் படலத்தில், பொடி எழுத்தில், சிவப்பு மையில் மருந்தின் உண்மையான பெயர் இருந்தது. அந்த நிமிஷம் கிளினிக்கின் லோஷன் வாடை போய், ஈரமான மரச்சீவல் வாடை மூக்கில் ஏறியது.

அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நாளைக்கே நாலு பேர் மருந்தை நிறுத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார்கள். நல்ல மருந்துதான். ஒரு வாரம் சாப்பிடச் சொன்னால் ஒரு வாரம் சாப்பிட்டு நிறுத்தவேண்டிய மருந்து.

மரச்சீவலைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நாற்காலிப் பட்டறையிலிருந்து அது சாக்குச் சாக்காக எங்களுக்கு வரும். நான் முதன்முதலில் பார்த்த வேலை எலிகளுக்குப் படுக்கை போடுவது. பள்ளிப்படிப்பின் கடைசிப் பரீட்சையான எஸ்டிபிஎம் முடித்துவிட்டு, எங்கள் ஊர் பொந்தியானில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை, லாரி ஓட்டிய என் அப்பா யார் யாரையோ பிடித்து, பண்டார் தெங்காரா போகிற சாலையில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்த்துவிட்டார். லேப் அசிஸ்டன்ட் என்று ஊரில் பெருமையாகச் சொன்னார்கள். எலிக்கூண்டு கழுவுகிறேன் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணச் சந்தையில் எலிக்கு மதிப்புக் கிடையாது.

அந்த நிலையத்தின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. எலி இருட்டில்தான் விழித்திருக்கும். விழித்திருக்கும் எலியைத்தான் டாக்டர் பார்க்கவேண்டும். ஆனால் எங்களுக்குச் சம்பளம் பகலுக்குத்தான். அதனால் அந்த அறையில் பொழுதையே மாற்றி வைத்திருந்தார்கள். ராத்திரி முழுக்க வெள்ளை விளக்கு தானாக எரியும். காலை எட்டு மணிக்கு அணைந்துவிடும். நாங்கள் எட்டரைக்கு உள்ளே போகும்போது ஒரே ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரியும். எலிக்குச் சிவப்பு வெளிச்சம் அநேகமாகத் தெரியாதாம். அது இருட்டு என்று நினைத்துக்கொண்டு திரியும். நாம் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

வெயில் கொளுத்துகிற வெளியிலிருந்து இரண்டு கதவு தாண்டி உள்ளே போனால் நடுராத்திரி. நுழைவதற்கு முன்னால் சீவலைக் கிளறுகிற சத்தம் மழை பிடித்த மாதிரிக் கேட்கும். கதவைத் திறந்த உடனே இருபத்துநாலு கூண்டிலும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அந்த மௌனத்துக்கு நான் கடைசிவரை பழகவில்லை. மதியம் ஒரு மணி வாக்கில் பக்கத்து மலாய்க் கம்பத்துப் பள்ளிவாசலின் பாங்கு சுவரைத் தாண்டி மெல்லக் கேட்கும். அந்த இருட்டில் அதைக் கேட்கும்போது, வெளியே நிஜமாகவே மதியம்தானா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரலாமா என்று இருக்கும். இரண்டு தடவை பார்த்துவிட்டும் வந்திருக்கிறேன்.

அந்த அறையில் என்னோடு வேலை பார்த்தவர் பிலோமினா அக்கா. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாராவாரம் தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரர். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தையில்லை. கணவர் அந்தோணி அண்ணன் தினமும் விடியலுக்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வருவார். "அவரு சூரியன சிங்கப்பூர்ல பாக்குறாரு, நான் சூரியனயே பாக்கறதில்ல. எங்க ரெண்டு பேருக்கும் எங்கருந்துடி புள்ள வரும்?" என்று அக்கா சிரிப்பார். அவர் சிரித்தால் நாமும் சிரிக்கலாம். நாமாக அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

முதல் வாரமே நான் மானத்தை வாங்கிக்கொண்டேன். அறைக்குள் மேசையில் சணல் கயிற்றால் கட்டிய தடித்த நோட்டு ஒன்று உண்டு. அது வெளியே போகக்கூடாது, முன்பு ஒன்று காணாமல் போனதிலிருந்து அப்படி ஒரு சட்டம். தினமும் ஒவ்வோர் எலிக்கும் ஓர் எழுத்து அதில் எழுதி, பிறகு ஒரு துண்டுத் தாளில் பார்த்தெழுதி டாக்டரிடம் கொண்டுபோகவேண்டும். நான் பள்ளிக்கூடப் பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துப்போனேன். துண்டுத் தாளில் எழுதினேன், எதுவும் விழவில்லை. பேனாவை உதறி, ஊதி, உள்ளங்கையில் உருட்டி, அதே துண்டுத் தாளில் மூன்று தடவை அழுத்தி எழுதினேன். தாள் வெள்ளையாகவே இருந்தது. வெறுத்துப்போய் வெளியே வந்து பார்த்தால், ஒவ்வோர் எழுத்தும் மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டேரி எழுதியது போல நிற்கிறது.

"அலமாக்! செவப்பு விளக்குல செவப்பு எழுத்து தெரியாதுடி, மண்டு" என்று அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உள்ள கறுப்புப் பேனாதான். மறந்துறாத."

மறக்கவில்லை.

அந்த எழுத்து என்ன என்று கேட்பீர்கள். பெண் எலிக்கு மாதச் சுழற்சி நாலே நாளில் முடிந்துவிடும். அன்று அது எந்த நாளில் இருக்கிறது என்று தெரிய, அதன் பிறப்புறுப்பில் உப்புத் தண்ணீரால் லேசாகத் தொட்டெடுத்து, கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். அதன் விளக்குக்கும் சிவப்புக் கண்ணாடிதான். பாடத்துப் பெயர்கள் என் வாயில் நுழையாததால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். உருண்டை உருண்டையாகத் தெரிந்தால் இன்று கருமுட்டைக்குத் தயாராகிற நாள். நொறுங்கிய அப்பளம் போல இருந்தால் அடுத்த நாள். கலந்து கிடந்தால் மூன்றாவது. வெறும் ரவையாக இருந்தால் ஓய்வு. உருண்டை, அப்பளம், கலவை, ரவை, மறுபடி உருண்டை. இந்தச் சமையல் குறிப்பு தவறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதையெல்லாம் சுற்றவைப்பது வயிறு இல்லை, மூளை என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரியும். எங்கள் டாக்டர் பத்து பஹாட்டைச் சேர்ந்த சீன அம்மா, மலாய், ஆங்கிலம், நாலு தமிழ் வார்த்தை எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுப் பேசுவார். மூளையின் அடிப்பக்கத்தில் கடுகளவு இடத்திலிருந்து சில ரசாயனங்கள் 'விடு' என்கின்றன, சில 'பொறு' என்கின்றன, அதைக் கேட்டுத்தான் சினைப்பை வேலை செய்கிறது என்பார். முட்டை வெளியாகிற நாளில் அந்தக் கட்டளை பிறக்கும் நேரத்தில் எலியை மருந்து கொடுத்துத் தூங்கவைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கட்டளை போய்விடாது. மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நிற்கும், தவறவிட்ட பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் போல. எலி தூங்கினாலும் அது விழித்துக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எனக்குக் கை மயிர் நட்டுக்கொண்டது.

பால் ஹார்மோன் விஷயம் இன்னும் விநோதம். அதற்கு மூளை 'விடு' என்று சொல்லவே வேண்டியதில்லை. அது எப்போதும் ஓடத் தயாராக இருக்கிறது. டோபமின் என்ற ரசாயனம்தான் அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "கை எடுத்தா, தண்ணி பைப் போல, சரியா?" என்பார் டாக்டர். அந்தக் கையை விலக்குகிற ஒரு மருந்தை அக்காவின் பக்கத்துப் பன்னிரண்டு எலிகளுக்கு ஊசி போட்டோம். ஆண் எலி கிட்டே வரவில்லை, கரு இல்லை, குட்டி இல்லை. ஆனால் உடம்பு தாயான உடம்பாக மாறிவிடும். உருண்டையும் அப்பளமும் நின்று தினமும் ரவை மட்டும் தெரியும். சில எலிகள் சீவலையும் தாளையும் இழுத்து வட்டமாகக் கூடு கட்டி, நடுவில் ஒன்றுமே இல்லாமல் அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும். என் பக்கத்துப் பன்னிரண்டு எலிகளுக்கு மருந்து கிடையாது, வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. ஒப்பிட்டுப் பார்க்க.

என் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் முழுசாக ஒரு தட்டு மிஞ்சியதில்லை. "உனக்குக் கை இல்லடி, ஒலக்கை" என்பார் அம்மா. எலியைத் தொட்டெடுக்க அக்கா கண்ணுக்கு மருந்து விடுகிற சொட்டுக்குழாய் மாதிரி ஒன்றை வைத்திருந்தார். எனக்கு அது பிடிபடவில்லை. பஞ்சுக் குச்சியை நனைத்து விட்டேன். சரியாக எடுக்கவேண்டுமே என்ற பயத்தில் வேண்டிய ஆழத்துக்கு மேலேயே விட்டிருக்கிறேன்.

இரண்டாவது வாரத்தில் என் எலிகளும் ரவையாக நின்றுவிட்டன. ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். ஐந்தாம் நாள் கதவைத் திறந்தபோது வழக்கமான மௌனம். சிவப்பு வெளிச்சத்தில் கிட்டே போய்ப் பார்த்தேன். என் பக்கத்தில் ஒன்பது கூண்டில் கூடு இருந்தது. ஏழாம் எண் எலி, நான் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்த சொட்டுக்குழாயின் ரப்பர்த் தலையைக் கூட்டுக்கு நடுவில் வைத்து, அதன்மேல் படுத்திருந்தது. நான் கையைக் கூண்டுக்குள் விட்டதும் ரப்பரை வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் கையை எடுத்துவிட்டேன். ரப்பர் ஒரு வெள்ளிக் காசு கூடப் பெறாது.

வெளி அறைச் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளை அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். ஐந்தாவது வரியிலேயே இருந்தது: குச்சி ஆழமாகப் போனால் எலியின் மூளை அதை ஆண் எலி என்று எடுத்துக்கொள்ளும், பன்னிரண்டு பதின்மூன்று நாளுக்குப் பொய்க் கர்ப்பம். ஒரு பஞ்சுக் குச்சியை நம்பி ஒன்பது ஜீவன்கள் வீடு கட்டி உட்கார்ந்திருந்தன. வேலை போய்விடும் என்று பயந்து நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்பா பிடித்த ஆட்களின் முகமெல்லாம் கண் முன்னால் வந்தது.

ஆனால் அக்கா பார்த்துவிட்டார். ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவர், ஏழாம் கூண்டுக்கு முன்னால் நின்றுவிட்டார். நான் விளக்குக்குக் கீழே அவருடைய வெள்ளைக் கோட்டைக் கவனித்தேன். மார்புப் பக்கத்தில் இரண்டு இடத்தில் ஐம்பது காசு அளவுக்குக் கறுப்பாக நனைந்திருந்தது.

"அக்கா, மை கொட்டிக்கிட்டீங்க."

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பிச் சிரித்த சிரிப்பு, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், எனக்கு இன்னும் போகவில்லை.

"மை இல்லடி. பாலு."

நாலு மாதமாக மாதவிலக்கு இல்லையாம். நெஞ்செரிச்சல் மட்டும் ரொம்ப நாளாக இருக்கிறதாம். அந்தோணி அண்ணனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லையாம். டெஸ்ட் செய்தீர்களா என்று கேட்டேன்.

"ஒம்பது வருஷமா செஞ்சாச்சு. எப்பவும் ஒரே கோடு. இந்தத் தடவ குச்சிகிட்ட கேக்கமாட்டேன்னு நேந்துக்கிட்டேன். ஜூலைல புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மா திருநாளுக்கு நடந்து போவேன் லா, வயசான காலத்துல மாதாவப் பெத்தவ அவ. அங்க வெச்சு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்." பிறகு என் ரேக்கைக் காட்டினார். "பாத்தியா? என் பக்கம் மருந்து. சரி. உன் பக்கம் மருந்தே போடல, ஆம்பளையும் இல்ல. எப்படிக் கூடு கட்டுது? அன்னம்மா இந்த ரூமுக்கே கையக் காட்டிருக்கா. எனக்குச் சொல்றா."

அது என் உலக்கைக் கை காட்டிய அற்புதம் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. பயம் ஒரு பாதி. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராதது மறு பாதி. அடுத்த சில நாள் அக்கா சாக்குத் தூக்கவில்லை, நான் தூக்கினேன். கூண்டுகளுக்கு நடுவே நின்று, ராகம் என்று சொல்லமுடியாத எதையோ மூக்கால் முனகுவார். அவர் முனகினால் எலிகள் மறுபடி கிளறத் தொடங்கும். நான் உள்ளே வந்தால் நிற்கிற எலிகள் அவருக்கு நிற்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் போவேன். உள்ளே போகவும் பிடிக்கவில்லை, வெளியே நிற்கவும் பிடிக்கவில்லை.

அப்புறம் அந்த மாத்திரை. ஒரு நாள் நாங்கள் சாப்பிடுகிற பேன்ட்ரியில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன், அக்கா பையிலிருந்து அட்டையை எடுத்து ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டார். கேஸ்டிரிக்குக்கு எப்போதோ கிளினிக்கில் ஒரு வாரத்துக்குக் கொடுத்ததாம். நன்றாகக் கேட்டதால் அட்டையைக் காட்டி வெவ்வேறு பார்மசியில் தானே வாங்கி, ஆறு மாதமாகச் சாப்பிடுகிறாராம். அவர் டீ வாங்க எழுந்து போனார். அட்டை கவிழ்ந்து கிடந்தது. முன்பக்கம் கம்பெனி வைத்த பெயர், பெரிய எழுத்து. பின்பக்கம் பொடி எழுத்தில், சிவப்பில், வேறு பெயர். அந்தப் பெயரை எனக்குத் தெரியும். தினமும் காலையில் ஊசிக்குழலில் ஒட்டுகிற சீட்டில் நான்தான் எழுதுகிறேன். குளிர்பெட்டியில் பழுப்புப் புட்டியில் இருக்கிற மருந்து. அந்தக் கையை விலக்குகிற மருந்து.

அன்றைக்கு நான் நாசி லெமாக்கைச் சாப்பிடவில்லை. எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு மனுஷியின் வயிற்றில் பிள்ளை இல்லை என்பது உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவருக்கே தெரியாது என்றுதான் அப்போது நினைத்தேன்.

மூன்று நாள் கழித்து, கதவைத் திறந்தபோது வாடை மாறியிருந்தது. பன்னிரண்டு நாள் முடிந்துவிட்டது. என் பக்கத்து ஒன்பது கூடும் கலைந்து கிடந்தன. கட்டியதைவிட வேகமாகக் கலைத்திருக்கவேண்டும். சீவல் கம்பி வழியாக வெளியே சிந்தியிருந்தது. ஏழாம் கூண்டில் ரப்பர்த் தலை ஒரு மூலையில் பாதி கடிபட்டுக் கிடந்தது. அந்த எலி அதை மிதித்துக்கொண்டே போய்த் தண்ணீர் குடித்தது. அதைத் தொட்டெடுத்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க உருண்டை. ஒன்றுமே நடக்காத மாதிரி.

அக்கா ஏழாம் கூண்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். முனகவில்லை. இனியும் தாங்காது என்று நான் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அது அன்னம்மா இல்ல. என் கை. குச்சிய ரொம்ப உள்ள விட்டுட்டேன். அதுங்களுக்குப் பொய்க் கர்ப்பம். பயத்துல சொல்லல."

அவர் திரும்பவில்லை. கூண்டைப் பார்த்தபடியே, "சரி. அது எலி" என்றார்.

"அக்கா, நீங்க சாப்பிடுற மாத்திரை... அட்டையோட பின்பக்கம் என்ன பேர் போட்டிருக்குன்னு பாருங்க."

அவர் கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். திருப்பினார். சிவப்பு விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். வெள்ளைப் படலம் சுத்தமாக இருந்தது. ஓர் எழுத்து இல்லை.

"ஒண்ணும் இல்லையேடி" என்றார்.

சிவப்பு எழுத்து அங்கே தெரியாது என்று எனக்குச் சொன்னதே அவர்தான். அது எனக்கும் ஞாபகம் இருந்தது, அவருக்கும் இருந்தது. இரண்டு கதவு தாண்டினால் மதிய வெயில். 'வெளியே வாங்க' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவர் அட்டையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு கெஞ்சலை நான் எந்த மனுஷ முகத்திலும் பார்த்ததில்லை.

"ஆமாக்கா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவர் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். எலிகள் கிளறத் தொடங்கின.

அன்றைக்கே டாக்டரிடம் போய் என் கை விஷயத்தை ஒப்புக்கொண்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தது. "சாயா தாஹூ" என்றார் டாக்டர், தெரியும் என்று, தலையைக்கூடத் தூக்காமல். புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற தப்பாம். நானே வந்து சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வாரக் கணக்கைத் தள்ளிவிட்டு, சொட்டுக்குழாயைக் கையில் கொடுத்து, "பெலான் பெலான், மெதுவா, சரியா?" என்றார். இதற்காகவா நான் அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று பாத்ரூமில் போய் அழுதேன். மற்றதை டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. அது என்னுடையதில்லை.

அக்கா அதற்கப்புறம் ஐந்து வாரம் வேலைக்கு வந்தார். நாங்கள் எலியைத் தவிர வேறு பேசவில்லை. கோட்டு நனைகிறதா என்று அவரைப் பார்ப்பதையே நான் நிறுத்திவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "வரேன்டி" என்றார். திங்கட்கிழமை வரவில்லை. ராஜினாமாக் கடிதம் வந்தது, லாபிஸுக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருடைய நம்பர் கொஞ்ச நாள் அடித்தது, அப்புறம் வேறு யாரோ எடுத்தார்கள். ஜூலை வந்தபோது, இல்லாத பிள்ளையை எல்லாரிடமும் சொல்லப்போகிறாரே, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த அவமானம் இல்லையே என்று தூக்கம் வராமல் கிடந்தேன். அந்த நினைப்பு ஒரு ஜூலையோடு போகவில்லை. ஐந்து ஜூலை வந்தது.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கா தன்னுடைய நாட்களையும் குறித்து வைத்திருந்தார். எலிகளுக்கு எழுத்து, தனக்குச் சின்னச் சிலுவை, பக்கத்தில் தேதி. கறுப்பு மையில், மாதத்துக்கு ஒன்று. அவர் போன பிறகு அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்திருக்கிறேன். சிலுவைகள் ஒரு தேதியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே பக்கம் வெறுமையாகக் கிடக்கும். நம்பிக்கொண்டேதான் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாவது வருஷம் டாக்டர் ஓய்வு பெற்றார். எலி ஆராய்ச்சிக்கு மூடுவிழா. கூண்டுகளைக் கொண்டுபோன பிறகு, மிச்சத்தைப் பெட்டியில் கட்ட நான் மட்டும் உள்ளே போனேன். டைமரைக் கழற்றி, வெள்ளை விளக்கின் சுவிட்சை முதன்முதலாக நானே போட்டேன். இவ்வளவு அழுக்கான சின்ன அறையிலா நாங்கள் பயந்து பயந்து நடந்தோம் என்று இருந்தது. சணல் கயிற்றை அறுத்து நோட்டை எடுத்தேன். பழக்கத்தில் கடைசிப் பக்கம் தானாகத் திறந்தது.

வெறுமையாக இருந்த இடத்தில் எழுத்து இருந்தது. சிவப்பு மை.

முதலில் ஒரு சிலுவை. அதன் பக்கத்தில் அக்கா கடைசியாக வேலைக்கு வந்த அந்த வெள்ளிக்கிழமையின் தேதி. கீழே நாலைந்து வரி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கோணல்மாணலாக. எழுதும்போது அவருக்கும் எழுத்து தெரிந்திருக்காது. அந்த இருட்டில் கையை மட்டும் நம்பி எழுதியிருக்கிறார்.

'நீ காட்டின அன்னிக்கே மாத்திரைய நிறுத்திட்டேன். பால் நின்னுடுச்சு. இன்னிக்கு மாசவிலக்கு வந்துடுச்சு. நீ சொல்லித்தான் தெரியும்னு நெனக்காத. வெளிய வெச்சு முன்னாடியே படிச்சுட்டேன். கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். ஒன் கை இப்ப லேசாயிடுச்சு.'

தினமும் அந்த மருந்தை ஏற்றிப் பன்னிரண்டு எலிகளுக்குப் போட்டவர் அவர். அது என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். தெரிந்துகொண்டே, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று விழுங்கி, அந்தப் பாலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் என்னமோ அவரிடமிருந்து ரகசியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷமாக அந்த வரிகள் என் கைக்குக் கீழேயே இருந்திருக்கின்றன. நான் அதன்மேல் முழங்கையை ஊன்றி ரவையும் உருண்டையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

வெள்ளை விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு பல்பைப் போட்டேன். பக்கம் மறுபடி வெறுமையாகிவிட்டது. கறுப்புச் சிலுவைகள் மட்டும், அதற்குக் கீழே இன்னும் எதுவும் நடக்காத இடம். பாங்கு கேட்கும் வரைக்கும் அப்படியே வைத்திருந்தேன்.

நோட்டுகளையெல்லாம் இயந்திரத்தில் போட்டுத் துண்டாக்கிவிட்டார்கள். அந்தக் கட்டடமும் இல்லை. அந்தப் பக்கம் போகும்போது பார்ப்பேன், பார்சல் லாரிகள் நிற்கிற கிடங்காகிவிட்டது. ராத்திரி பகலாக வெள்ளை விளக்கு எரிகிறது. போன வாரம் கிளினிக் வாசலில் நின்று, அட்டையின் பின்பக்கத்துப் பெயரைப் போனில் தட்டினேன். ஒரு விநாடி ஆகவில்லை, எல்லாம் வந்து நின்றது. மாதவிலக்கு நிற்கலாம், பால் சுரக்கலாம், மருத்துவரிடம் சொல்லவும். வரிசையாக, கறுப்பு எழுத்தில். இப்போது ஒரு பிலோமினா அக்கா இருந்தால் பேன்ட்ரி மேசையிலேயே தெரிந்துகொண்டிருப்பார். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமுடியுமா? ஆனால் அவருக்குக் கிடைத்த அந்தக் கொஞ்ச நாள், அது இனி யாருக்கும் கிடைக்காது.